சொல்றதுக்கு ஒண்ணுமில்லாத பிரசவம்

இப்படி வா தாயி, இந்த ஓரத்துல உக்காரு. இந்த பெஞ்சுல இங்க மட்டுந்தான் ஃபேன் காத்து வரும். பையை எடுத்து நான் மடியில வச்சுக்கிடுறேன், நீ நல்லா சாஞ்சுக்கோ. எத்தனாவது மாசம்? ஏழா? வயித்தப் பாத்தா ஒம்பதுன்னு சொல்லலாம். பயப்படாத, சிலருக்கு அப்படித்தான் தெரியும். எங்க தெரு ராசாத்திக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கடைசியில பாத்தா ரெட்டை. அதுக்கப்புறம் அவ பட்ட பாடு இருக்கே... வேண்டாம், உன்கிட்ட எதுக்கு அதெல்லாம். மாசமா இருக்கிற புள்ளகிட்ட நல்லதத்தான் பேசணும். நான் எப்பவுமே அப்படித்தான்.

எம்மக உள்ள இருக்கா. பேரனுக்கு இன்னைக்கு ஊசி. நானும் கூடப் போகலாம்னுதான் எந்திரிச்சேன், அதுக்குள்ள எங்க சம்பந்தியம்மா புள்ளையத் தூக்கிக்கிட்டு முன்னால போயிட்டாக. பத்மாவதி டீச்சர்னு பேரு. அருப்புக்கோட்டையில ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டையர் ஆனவுக. நல்லவுகதான், குறை சொல்லக் கூடாது. ஆனா எங்க போனாலும் அவுகதான் முன்னால நிப்பாக, ஸ்கூல் பிரேயர்ல நிக்கிற மாதிரி. ஊசி போடும்போது நான் இருந்தா எனக்கு மயக்கம் வந்துருமாம், எம்மக சொல்றா. எனக்கு எதுக்கு மயக்கம் வரப்போகுது? போன தடவை லேசா தலை சுத்துச்சு. அது காலையில சாப்பிடாம வந்ததுனால.

நீ யாரு கூட வந்துருக்க? மாமியாரா? டோக்கன் வாங்கப் போயிருக்காகளா, சரி. கையில என்ன நோட்டீஸு, அந்தப் பிரசவக் கிளாஸு நோட்டீஸா? டாக்டரம்மா உன்னையும் போகச் சொல்லிட்டாகளா? அப்ப உனக்கும் ராத்திரித் தூக்கமில்ல, பிரசவத்த நெனச்சா கையி காலு நடுங்குது, சரிதானே. எப்படிக் கண்டுபிடிச்சேன்னு பாக்குறியா? எம்மக வினோதினியும் இதே நோட்டீஸைத்தான் கையில வச்சு உருட்டிக்கிட்டு இருந்தா. மெடிக்கல் ஷாப்புக்கு மேல மாடியில, சனிக்கிழமை சனிக்கிழமை நடக்குது. நாங்க முழுசாப் போனோம். சொல்றேன் கேளு.

வினோ எனக்கு ஒரே மக. மாப்பிள்ளைக்கு ஓசூர்ல கம்பெனி வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதானே, ஏழாம் மாசம் வளைகாப்பு போட்டுக் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டு வந்தோம். வரும்போது நல்லா சிரிச்சுக்கிட்டுத்தான் வந்தா, கை நிறைய வளையலோட. வந்து ஒரு வாரத்துல மொகமே மாறிப்போச்சு. சோறு எறங்கல, தூக்கமில்ல. ஏன்னு எனக்குப் பிடிபடவே இல்ல. நான் பக்கத்தவிட்டு நகரவே இல்ல, பாத்துக்கோ. காலையில எந்திரிச்சதுல இருந்து அவகூடப் பேசிக்கிட்டேதான் இருப்பேன். எங்க பெரியம்மா மகளுக்குத் தண்ணிக்கொடம் உடைஞ்சப்ப பஸ்ஸு கெடைக்காம அல்லாடுனது, பால்காரரு மருமகளுக்குக் கொடி சுத்திக்கிட்டது, ஒண்ணு விடாமச் சொல்லி வச்சேன். தெரிஞ்சு வச்சுக்கிட்டா பயம் போயிரும்ல. ஆனா அவ என்னடான்னா கேக்கக் கேக்க வெளுத்துப் போறா.

கடைசியில டாக்டரம்மாகிட்ட வந்து, எனக்கு வலியே வேண்டாம், மொதல்லயே ஆபரேஷன் பண்ணிருங்கன்னு அழுதுட்டா. டாக்டரம்மா ஸ்கேனைப் பாத்தாக, அவளைப் பாத்தாக. "புள்ளையும் நல்லாருக்கு, நீயும் நல்லாருக்க. மனசுதான் இறுகிப்போய் கெடக்கு. இந்தக் கிளாஸுக்குப் போ, ஒடம்பத் தளர விடுறதுக்குச் சொல்லிக் குடுப்பாங்க, கூட ஒருத்தரைக் கூட்டிட்டுப் போ"ன்னாக. கூட ஒருத்தர்னா வேற யாரு? நான்தான்.

எங்க வீட்டுக்காரரு விழுந்து விழுந்து சிரிச்சாரு, மூச்சு விடுறதுக்கெல்லாமா கிளாஸுன்னு. நான் சிரிக்கல. எதையும் முறையாப் படிக்கணும்னு நெனக்கிறவ நான். புதுச் சேலை கட்டிக்கிட்டுப் போனேன்.

போனா, பாடம் நடத்துறது ஒரு சின்னப் புள்ள. ஷர்மிளான்னு பேரு, பிசியோதெரபி படிச்சதாம், இன்னும் கல்யாணம் ஆகல. உனக்குப் பிரசவத்தப் பத்தி என்ன தெரியும்னு கேட்டேன். தப்பா எதுவும் கேக்கல, தெரிஞ்சுக்கத்தான் கேட்டேன். "எனக்குத் தெரியாததை நீங்க சொல்லிக் குடுங்கம்மா, இப்ப உக்காருங்க"ன்னுச்சு. மரியாதையான புள்ள.

வரிசையாப் பாய் விரிச்சு எல்லாப் புள்ளைகளையும் இடதுபக்கமாப் படுக்கச் சொல்லிருச்சு. தொணைக்கு வந்தவுக பின்னால உக்காந்து முதுகை நீவி விடணும். கண்ண மூடிக்கோங்க, கால் வெரல்ல ஆரம்பிச்சு ஒவ்வொரு எடமாத் தளர விடுங்க, தாடையைத் தளர விடுங்க, பல்லோட பல்லு படக்கூடாது, மனசுக்குப் பிடிச்ச எடத்தை நெனச்சுக்கோங்கன்னு மெதுவாச் சொல்லிக்கிட்டே வருது. அம்புட்டு அமைதி, கீழ மெடிக்கல் ஷாப்புல மாத்திரையக் கத்தரிக்கிற சத்தம் கேக்குது. நானும் கண்ண மூடிக்கிட்டேன். மனசுக்குப் பிடிச்ச எடம்னா எனக்கு எங்க வீட்டு அடுப்படிதான் வந்துச்சு. அடுப்படி வந்ததும் அடுப்பு வந்துச்சு. சும்மா இருக்க முடியுமா? "வினோ, கேஸை அடைச்சியாடி?"ன்னு கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு உக்காந்துட்டாளுக. ஒருத்தி வீட்டுக்கு ஃபோன் போடுறா, இன்னொருத்தி பூட்டுனமா இல்லையான்னு யோசிக்கிறா. கடைசிவரைக்கும் ஒருத்தியும் திரும்பப் படுக்கல. ஆனா யோசிச்சுப் பாரு, ஒரு நல்ல விஷயத்த நெனவுபடுத்துனதுக்கு ஒருத்தரும் எனக்கு நன்றி சொல்லல.

அடுத்த வாரம் நடுவுல கொஞ்ச நேரம் விட்டாக, சுண்டல் குடுத்தாக. எல்லாப் புள்ளைகளும் பேசாம உக்காந்து திங்குதுக. பாக்கப் பாவமா இருந்துச்சு. பேச்சுத் தொணையா இருக்கட்டுமேன்னு ராசாத்தி கதையச் சொன்னேன். முழுசாக்கூடச் சொல்லல, ஆம்புலன்ஸு வந்த வரைக்கும்தான். ஒரு புள்ள சுண்டலக் கீழ வச்சுட்டு அழ ஆரம்பிச்சுருச்சு. இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எதையும் தாங்குற மனசில்ல.

அன்னைக்குக் கிளாஸு முடிஞ்சதும் ஷர்மிளா என்னைத் தனியாக் கூப்பிட்டு, "அம்மா, உங்களால எனக்கு ஒரு பெரிய உதவி வேணும். மாடிப்படி வாசல்ல செருப்பெல்லாம் கெடக்கு, யாராவது பொறுப்பா உக்காந்து பாத்துக்கிட்டா எனக்கு நிம்மதியா இருக்கும்"னுச்சு. பாரேன், அத்தனை பேரு இருக்கும்போது என்னைத் தேடிக் குடுத்துச்சு. நாற்காலி போட்டு, தண்ணி பாட்டிலும் வச்சுருச்சு. அதுல இருந்து நான் வாசல்லதான். ஒரு செருப்பு காணாமப் போகலயே.

அப்ப வினோவுக்கு முதுகை நீவ ஆளு வேணும்ல. ஒரு சனிக்கிழமை சம்பந்தியம்மா அதிரசம் சுட்டு எடுத்துக்கிட்டு மருமகளப் பாக்க வந்தாக. "நானும் சும்மா வந்து பாக்குறேன்"னாக. வந்து பாயில உக்காந்தாக பாரு, அவ்வளவுதான், ஒரு வார்த்தை பேசல. ஒரு மணி நேரமும் தூணு மாதிரி உக்காந்து நீவி விட்டாக. வாசல்ல இருந்து எட்டிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஷர்மிளாவுக்கு ஒரே சந்தோசம். வினோவுக்கும்தான். அதுக்கப்புறம் வாராவாரம் பஸ்ஸு ஏறி வந்துட்டாக.

இதையும் சொல்லணும், வினோ மாதிரிப் படிச்ச புள்ள அந்தக் கிளாஸுலயே கெடையாது. மத்ததுக எல்லாம் மூச்ச இழுத்து விடும்போது புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் போடும், நடுவுல இடுப்பு வலிக்குதுன்னு அனத்தும். இவ மரக்கட்டை மாதிரி அசையாமக் கெடப்பா. அத்தை கையி முதுகுல இருக்கும்போது இன்னும் அடக்கம். ஷர்மிளாதான் அப்பப்ப வந்து தாடையத் தொட்டுப் பாத்துட்டு, "இங்க இன்னும் இறுக்கமா இருக்கே வினோ"ங்கும். எம்மக உடனே, "இல்ல மேடம், பரவால்ல மேடம்"பா. எம்புட்டுப் பணிவா வளத்துருக்கேன் பாரு.

ஒம்பதாம் மாசம் டாக்டரம்மா சொன்னாக, பிரசவ அறைக்குள்ள தொணைக்கு ஒருத்தர்தான் இருக்கலாம், யாருன்னு முடிவு பண்ணிக்கோங்கன்னு. இதுல முடிவு பண்ண என்ன இருக்குன்னு நான் பையை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். எம்மக தலையக் குனிஞ்சுக்கிட்டே, "அத்தை இருக்கட்டும் டாக்டர்"னுட்டா.

எனக்கு எப்படி இருந்துருக்கும் சொல்லு. பத்து மாசம் சுமந்து பெத்தவ நான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடுன்னு எதுக்கு வச்சுருக்காக? மாமியாருதான் தொணைன்னா அருப்புக்கோட்டையிலயே இருந்துருக்கலாமே. வீட்டுக்கு வந்து கேட்டே புட்டேன். "நீ பயந்துருவம்மா. உன்னையப் பாத்தா எனக்கும் பயம் வந்துரும். அத்தை தைரியமா இருப்பாங்க"ன்னா. நான் பயந்துருவேனாம். அன்னைக்கு முழுக்க நான் அவகூடப் பேசல. சாம்பாரு அடிப்பிடிச்சுப் போச்சு, அதக்கூட ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ராத்திரி படுத்துக்கிட்டு அழுதேன் தாயி, மறைக்க என்ன இருக்கு.

வலி எடுத்தது ஒரு செவ்வாக்கிழமை விடியக்காலையில. சம்பந்தியம்மா அந்த வாரம் எங்க வீட்டுலயேதான் தங்கியிருந்தாக. ஆஸ்பத்திரிக்கு வந்தோம், அவுகளுக்குப் பச்சைக் கவுன மாட்டி உள்ள கூட்டிட்டுப் போயிட்டாக. நானும் எங்க வீட்டுக்காரரும் வெளிய. பக்கத்து அறையில ஒரு புள்ள கத்துது, ஊரையே கூட்டுது. எங்க அறையில இருந்து ஒரு சத்தமும் வரல. சத்தம் வந்தா எதுக்குப் பயப்படுறோம்னாவது தெரியும். சத்தமே வரலன்னா என்னத்தன்னு பயப்படுறது? அந்தக் கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன். நான் சொன்ன கதையெல்லாம் ஒவ்வொண்ணா என் கண்ணு முன்னால வருது. எங்க வீட்டுக்காரரு காபி வாங்கிட்டு வந்தாரு, குடிச்சேனா கொட்டுனேனான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

ரொம்ப நேரம் கழிச்சுக் கதவு தெறந்துச்சு. சம்பந்தியம்மா வெளிய வந்தாக. மொகமெல்லாம் வேர்த்துருக்கு. நேரா என்கிட்ட வந்து, "மதினி, வினோ வீட்டுல உங்ககிட்ட சண்டை போடுவாளா?"ன்னு கேட்டாக.

கேக்குற நேரமா இது? இருந்தாலும் சொன்னேன். "தெனமும் போடுவா. சட்னியில உப்பு இல்லன்னாக்கூட எரிஞ்சு விழுவா."

"அப்ப நீங்க உள்ள போங்க"ன்னு கவுனைக் கழட்டுறாக. "வலி வர்றப்ப எல்லாம் பல்லைக் கடிச்சுக்கிட்டு விறைச்சுப் போறா. கேட்டா, பரவால்ல அத்தை, பரவால்ல அத்தைங்கிறா. கத்துடின்னு சிஸ்டர் சொல்லியாச்சு, நானும் சொல்லியாச்சு. என் முன்னாடி அவளுக்கு வாய் வராது மதினி. நான் எத்தனை பிள்ளைங்களைப் பாத்திருக்கேன், ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குள்ள கையைக் கட்டி நிக்கிற பிள்ளை மாதிரியே கெடக்கா."

அவ்வளவு நேரம் நின்னதுல அவுகளுக்குக் கால் கடுத்துருக்கும், பாவம். அத நேராச் சொல்லாம இப்படி நாசூக்காச் சொல்லிட்டாக. படிச்சவுக இல்லையா.

உள்ள போனேன். எம்மக என்னையப் பாத்தா. அவ்வளவுதான், ஒரு கத்துக் கத்துனா பாரு, பிரசவம் பாக்குற எஸ்தர் சிஸ்டரு கையில இருந்த டிரே ஆடிப்போச்சு. "இப்ப எதுக்கு வந்த? எல்லாம் உன்னாலதான். போ வெளிய"ங்கிறா. போறதுக்குத் திரும்புனா கையப் புடிச்சுக்கிட்டு விட மாட்டேங்கிறா. அப்புறம் ஆரம்பிச்சா. ஏழாங்கிளாஸுல ஊட்டிக்கு டூரு அனுப்பல, சடையக் குட்டையா வெட்டிவிட்ட, சைக்கிள் கேட்டதுக்கு அடுத்த வருசம் அடுத்த வருசம்னு ஏமாத்துனன்னு, அவ பொறந்ததுல இருந்து நான் செஞ்சது அம்புட்டையும் எடுத்து வீசுறா. நானும் விடல. ஊட்டிக்கு அனுப்பிருந்தா அன்னைக்கு இருந்த சளிக்கு என்ன ஆகியிருக்கும்னு கேட்டேன். எஸ்தர் சிஸ்டரு நடுவுல வந்து சண்டைய விலக்கி விடுவாகன்னு பாத்தா, "நல்லாத் திட்டு வினோ, இப்பதான் உடம்பு தளருது, அம்மா நீங்க பதில் பேசிக்கிட்டே இருங்க"ன்னாக. எனக்கு அது ஒரு சிரமமா?

அப்பதான் ஒண்ணு கேட்டா. வலி கொஞ்சம் விட்டுருந்துச்சு. மூச்சு வாங்கிக்கிட்டே என் மொகத்தையே பாத்தா. "ஊருல உள்ளவங்க கதையெல்லாம் சொன்னியேம்மா. நான் பொறந்த கதைய மட்டும் ஏன் சொல்லல? அவ்வளவு மோசமா?"

எனக்கு ஒண்ணும் புரியல. "என்னடி மோசம்?"

"நீ உன் கதைய வாயே தெறக்க மாட்ட. என்னோட நிறுத்திட்ட, இன்னொரு புள்ள பெத்துக்கல. மத்தவங்க கதையே இப்படி இருந்தா, உனக்கு சொல்லவே முடியாத மாதிரி என்னமோ நடந்துருக்குன்னு நெனச்சேன். உனக்கு நடந்ததுதானே எனக்கும் நடக்கும்? சின்னப் புள்ளையில இருந்து நெனச்சுக்கிட்டு இருக்கேன்மா."

அடுத்து ஒண்ணு எனக்குத் தங்கல, அது சாமி குடுக்காதது. அதுக்கும் இவ பொறந்ததுக்கும் என்ன சம்பந்தம்? அவகிட்டச் சொன்னேன். "அடியே, உன்னையப் பெத்ததுல சொல்றதுக்கு என்னடி இருக்கு? காலையில தோசைக்கு மாவு ஆட்டிக்கிட்டு இருந்தேன். இடுப்பு லேசா இழுத்துச்சு. மிச்ச மாவையும் ஆட்டி வழிச்சு வச்சுட்டு, கையக் கழுவிட்டு, உங்கப்பா சைக்கிள்ல பின்னால உக்காந்து போனேன். நர்ஸம்மா சேலைய இழுத்துச் சொருகுறதுக்குள்ள நீ வந்துட்ட. சாயங்காலம் உங்கப்பா அந்த மாவுலயே தோசை சுட்டுக் கொண்டு வந்தாரு, ஓரமெல்லாம் கருகிப்போய். அதத் தின்னுட்டு உன்னையப் பக்கத்துல போட்டுத் தூங்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு. வலியும் வருது, சிரிப்பும் வருது, அழுகையும் வருது, மூணும் சேந்து அவ போட்ட சத்தத்துல நான் ரெண்டு அடி பின்னால போயிட்டேன். "பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன உனக்கு?"ங்கிறா. நீயே சொல்லு தாயி, நல்லபடியா நடந்ததப் போயி யாராவது சொல்லிக்கிட்டு இருப்பாகளா? அதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு? எஸ்தர் சிஸ்டரு தாடையத் தளர விடுன்னு சொல்லவே வேண்டியதில்லாமப் போச்சு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே பேரன் வந்துட்டான். கண்ணத் தெறந்து மொதல்ல பாத்தது என்னையத்தான், இத யாருகிட்ட வேணும்னாலும் கேட்டுக்கோ.

வெளிய வந்து பாத்தா சம்பந்தியம்மா இதே பெஞ்சுல கண்ண மூடி உக்காந்துருக்காக. கையி ரெண்டும் மடியில, மூச்ச மெதுவா இழுத்து இழுத்து விடுறாக. நல்ல தூக்கம் போலருக்கு. ஆம்பளப் புள்ளன்னு சொன்னதும், "வினோ?"ன்னாக. அவ நல்லாருக்கான்னேன். என் தோள்ல சாஞ்சு அழுதுட்டாக. தைரியசாலின்னு பேரு.

இப்ப என்ன தொந்தரவுன்னா, எம்மக புள்ளைக்குப் பால் குடுக்க உக்காந்தா, அந்தக் கதையச் சொல்லுமாங்கிறா. தெனமும். மாவு, சைக்கிளு, கருகுன தோசை. ஒரு திருப்பம் இல்ல, ஒரு பரபரப்பு இல்ல. எனக்கே சலிச்சுப்போச்சு. ராசாத்தி கதைய வேணும்னா சொல்லவான்னா வேண்டாங்கிறா. சம்பந்தியம்மாவும் வந்து பக்கத்துல உக்காந்துக்கிடுறாக, என்னமோ புதுசாக் கேக்குற மாதிரி.

முந்தாநாளு சொல்லி முடிச்சுட்டு எந்திரிக்கப் போனேன். வினோ கையப் புடிச்சு உக்கார வச்சுட்டா. "அது சரிம்மா, என்னைய மொதமொதல்ல கையில வாங்குனப்ப உனக்கு எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டா. இத்தனை வருசத்துல ஒரு ஆளு என்கிட்ட அதக் கேட்டதில்ல தாயி. சொல்லத்தான் வாயத் தெறந்தேன். நெஞ்செல்லாம் நெறஞ்சு வந்துருச்சு, ஒரு வார்த்தை வரல. இம்புட்டுப் பேசுற எனக்கு, ஒத்த வார்த்தை வரல.

சம்பந்தியம்மாதான் என் முதுகுல கைய வச்சாக. "விடு வினோ, அவசரப்படுத்தாத. அம்மா கொஞ்சம் மூச்சு விடட்டும்"னாக.